பேனாக்கத்தி எதனால் வீணாகிறது? அலகும் பிடியும் உழைக்கும் விதம்

பேனாக்கத்தி பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் அது ஸ்டீல் பெயர்களில் வந்து நின்றுவிடும். டி2 நல்லதா, எஸ்30வி நல்லதா, 420 என்றால் மட்டமா, சைனா ஸ்டீல் எத்தனை நாள் தாங்கும் என்று ஒருவர் கேட்க, "அதெல்லாம் வேஸ்ட், இதை வாங்கு, ஆயுசுக்கும் உழைக்கும்" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். கேட்டவர் அதையே வாங்கி ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் அலகில் புள்ளி புள்ளியாகத் துரு. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்தது கூர் சீக்கிரம் போகாத கத்தி, இவர் எதிர்பார்த்தது துருப்பிடிக்காத கத்தி. இரண்டும் தனித்தனி குணங்கள், இன்னும் இரண்டு இருக்கின்றன, ஒன்றைக் கூட்டப் போனால் பெரும்பாலும் இன்னொன்று குறையும். அப்புறம் பிடி என்று ஒரு பாதி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

இங்கே நான் பேசுவது சட்டைப்பையிலோ தோள்பையிலோ கிடந்து, கொரியர் பெட்டி திறக்க, மாங்காய் நறுக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ என்று தினமும் கைக்கு வரும் சின்ன மடக்குக் கத்தியைப் பற்றி மட்டும். அரிவாளுக்கும் சமையலறைக் கத்திக்கும் கணக்கு வேறு.

## முதலில், என்ன கெட்டது என்று பாருங்கள்

மழுங்கிய கத்தியை எடுத்து, வாய் (அலகின் வெட்டும் ஓரம்) மேலே இருக்கும்படி டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நன்றாகத் தீட்டிய வாய் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு மெல்லிசு. மழுங்கிய இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த மினுக்கம் எப்படி இருக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். அலகின் பக்கவாட்டிலிருந்து வாயை நோக்கி நகத்தை இழுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் நகம் மாட்டினால், வாய் அந்தப் பக்கமாக மடங்கியிருக்கிறது. மினுக்கத்தின் நடுவே சின்னச் சின்ன அரைவட்டப் பள்ளம் தெரிந்தால் வாய் தெறித்திருக்கிறது. நீளமாக, சீராக மின்னினால் தேய்ந்திருக்கிறது. ஊசிமுனை அளவுக்குக் கறுப்போ செம்பழுப்போ குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது.

நான்கும் நான்கு வழியில் வருகின்றன. பீங்கான் தட்டின் மேலேயே வைத்து எலுமிச்சை நறுக்கினால் வாய் மடங்கும், ஏனென்றால் அந்தப் பீங்கான் பூச்சு உங்கள் எஃகைவிடக் கடினமாக இருக்கலாம். டின் மூடியை நெம்பினால் தெறிக்கும். அட்டைப்பெட்டியை வெட்டிக்கொண்டே இருந்தால் தேயும். அட்டை கைக்கு மிருதுவாகத்தான் இருக்கும், ஆனால் பழைய காகிதத்திலிருந்து செய்ததில் மண்ணும் தாதுத்தூளும் கலந்திருக்கும், அது எஃகை அராவிவிடும். மாங்காய் நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் ஈரத்தோடு அப்படியே மடக்கிப் பையில் போட்டால் துரு.

## நான்கு குணங்கள்

மடங்காமல் நிற்பது கடினத்தன்மை. இதை அளக்க ஒரு வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து எண் கொடுப்பார்கள். அந்த அளவுகோலின் பெயர் ராக்வெல் சி, சுருக்கமாக எச்ஆர்சி. பேனாக்கத்திகள் பெரும்பாலும் 55க்கும் 62க்கும் நடுவில் இருக்கும்.

தெறிக்காமல், உடையாமல் நிற்பது முறியாத்தன்மை. கடினம் என்றாலே உடையாது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம். ஒரே எஃகை எடுத்துக்கொண்டால், கடினம் ஏற ஏற முறியாத்தன்மை பொதுவாக இறங்கும்.

அராவும் பொருளை வெட்டியும் மெல்லிசாகவே நிற்பது தேய்வைத் தாங்கும் தன்மை. நான்காவது, ஈரமும் உப்பும் புளிப்பும் பட்டும் அரிக்கப்படாமல் இருப்பது, துருவைத் தாங்கும் தன்மை.

இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தி ஒன்றைத் திறந்தாலே பார்க்கலாம். அந்த நிறுவனமே சொல்லும் கணக்கில், பெரிய அலகும் சின்ன அலகும் 56 எச்ஆர்சி. ரம்பமும் கத்தரிக்கோலும் 53. டின் திறக்கும் கருவியும் திருப்புளியும் 52. தக்கை உருவும் திருகும், உள்ளே அலகை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் 49. ஸ்பிரிங்கை மிருதுவாகச் செய்தது செலவைக் குறைப்பதற்காக அல்ல. அது வாழ்நாள் முழுக்க வளைந்து நிமிர வேண்டியது, 60க்கு ஏற்றி வைத்தால் ஒருநாள் பட்டென்று முறிந்துவிடும். திருப்புளியின் நுனிக்கும் அதே கதை, திருகும் வேலைக்கு வந்ததை உடையவிடக் கூடாது.

இதுவரை சொன்னதில் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கத்தி உழைக்குமா என்ற கேள்விக்கு முன்னால், உங்கள் கையில் அது மடங்குமா, உடையுமா, தேயுமா, துருப்பிடிக்குமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். எச்ஆர்சி எண் முதல் கேள்விக்கு மட்டும்தான் நேரடியாகப் பதில் சொல்லும்.

## எஃகுக்குள் என்ன இருக்கிறது

சரி, இந்தக் குணங்கள் எங்கிருந்து வருகின்றன? கோவில்பட்டி கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டே சங்கதிதான், பாகு ஒன்று, கடலை ஒன்று. பாகை இளம்பதத்தில் இறக்கினால் மிட்டாய் வளையும், ஒட்டும். முற்றவிட்டால் கடிக்கும்போது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். வெல்லம் அதே வெல்லம், கடலையும் அதே கடலை, மாறியது பதம் மட்டும்.

எஃகில் பாகின் இடத்தில் இருப்பது இரும்பும் அதற்குள் கரைந்த கார்பனும். சாதாரண கார்பன் எஃகை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்கு, துருத்தாங்கும் எஃகு என்றால் 1050 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கும்போது, இரும்பு அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமே மாறி, கார்பன் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. அந்தச் சூட்டிலிருந்து சட்டென்று குளிர்வித்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் இருக்காது, உள்ளேயே மாட்டிக்கொண்டு அணுவடுக்கை இழுத்து விறைக்க வைத்துவிடும். இந்த விறைத்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர், கத்தியின் கடினம் முக்கால்வாசி இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அப்படியே விட்டால் கை தவறிக் கீழே விழுந்தாலே விரிசல் விடக்கூடும். அதனால் மறுபடி 150, 200 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துக் கொஞ்சம் தளர்த்துவார்கள். சூடாக்குவது, குளிர்விப்பது, தளர்த்துவது மூன்றையும் சேர்த்து வெப்பப் பதப்படுத்தல் என்று சொல்லலாம். நம் கொல்லுப்பட்டறையில் அரிவாளைக் காய்ச்சி, வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, ஏறிவரும் நிறத்தைப் பார்த்து மறுபடி முக்குகிறார்களே, தோய்ச்சல், அதுவும் இதே வேலைதான், வெப்பமானி மட்டும் கிடையாது.

கடலையின் இடத்தில் இருப்பது கார்பைடு. கார்பன் வெறும் இரும்பில் கரைந்து நிற்காமல் குரோமியம், வனேடியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்து உருவாக்கும் மிகச் சின்ன, மிகக் கடினமான துகள்கள் இவை. (மிட்டாயில் பாகுதான் கடினம், கடலை மிருது. எஃகில் அது தலைகீழ். மற்றபடி பொருந்தும்.) அட்டையோ கயிறோ அராவும்போது சுற்றியிருக்கும் எஃகு தேய்ந்தாலும் இந்தத் துகள்கள் நின்று பிடிக்கும். கார்பைடு அதிகமானால் தேய்வு குறையும். ஆனால் முழுக்கடலை நிறையப் போட்ட மிட்டாய் கடலை ஓரத்திலேயே உடைவதைப்போல, பெரிய கார்பைடு நிறைய இருக்கும் எஃகு அந்தத் துகள்களின் ஓரமாகத்தான் தெறிக்கும். இதைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: உருகிய எஃகை வாயுவால் தெளித்துத் தூளாக்கி, அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி ஒன்றாக்குவது. துகள்கள் பெரிதாக வளர நேரம் கிடைக்காது, கடலையை ஒன்றிரண்டாக உடைத்துத் தூவியதுபோல் எங்கும் சீராக இருக்கும். தூள் எஃகு என்று விலை ஏற்றி விற்பது இதைத்தான். அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001இல் கத்திக்கென்றே கொண்டுவந்த எஸ்30வி இந்த வகை.

சுருக்கமாக, பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்டீல் பெயர் சரக்குப் பட்டியலை மட்டும் சொல்கிறது. பதம் சரியாக வந்ததா என்று அந்தப் பெயரில் தெரியாது, செய்தவரைப் பொறுத்தது.

## பெயர்களை எப்படிப் படிப்பது

420எச்சி என்ற எஃகில் கார்பன் 0.45 சதவீதம் அளவு, குரோமியம் 13 சதவீதம் அளவு. கார்பைடு குறைவு, அதனால் சீக்கிரம் தேயும், ஆனால் எளிதில் உடையாது, துருவையும் நன்றாகத் தாங்கும், எந்தக் கல்லிலும் சட்டென்று கூராகிவிடும். இதை மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் அமெரிக்காவின் பக் நிறுவனத்தை மறந்துவிடுகிறார்கள். அவர்களுடைய 110 என்ற மடக்குக் கத்தி 1960களிலிருந்து விற்கிறது, இன்றும் வழக்கமான 110 கத்தியில் இருப்பது இந்த 420எச்சிதான், அதைக் கவனமாகப் பதப்படுத்தி 58 எச்ஆர்சி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதே பெயர் முத்திரை குத்திய ஒரு மலிவுக் கத்தி 52இல் நின்று, முதல் அட்டைப்பெட்டியிலேயே கைவிட்டுவிடலாம். பெயரில் எச்சி இல்லாத வெறும் 420இல் கார்பன் இன்னும் குறைவாகவே இருக்கும், அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்வீடனின் சாண்ட்விக் உருவாக்கிய 12சி27இல் கார்பன் 0.6, குரோமியம் 13.5. பிரான்ஸின் ஓபினெல் கத்தியில் துருத்தாங்கும் வகைக்கு இதுதான். 14சி28என் அதற்குத் தம்பி, கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்து, கடினத்தையும் துருத்தாங்குவதையும் சேர்ந்தே உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டிலும் கார்பைடு சின்னது, வாய் மிக மெல்லிசாக நிற்கும். சீனாவின் 8சிஆர்13எம்ஓவியில் கார்பன் 0.8 அளவு, நியாயமான விலைக்கு நியாயமான எஃகு, அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை.

டி2 வேறு உலகம். உலோகத் தகட்டை வெட்டும் அச்சுகளுக்காக உருவானது, கார்பன் 1.5, குரோமியம் 12. தேய்வை அபாரமாகத் தாங்கும். பெரிய கார்பைடுகள், அதனால் நெம்பும் வேலைக்கு ஆகாது. துரு விஷயத்தில் இது ஏமாற்றும், அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

எஸ்30வியில் கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4. எம்390இல் கார்பன் 1.9, குரோமியம் 20, வனேடியம் 4. இவை நிறைய நாள் கூராக இருக்கும் என்பது உண்மை. மழுங்கிய பிறகு என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. பழுப்பும் வெள்ளையுமாகக் கடையில் கிடைக்கும் சாணைக்கற்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, வனேடியம் கார்பைடு அதைவிடக் கடினம். கல்தான் தேயும், அல்லது வேலை முடிய யுகமாகும். வைரத்தூள் ஒட்டிய தகடு வைத்திருப்பவர் இதை வாங்கட்டும். இல்லாதவர் கையில் எம்390 ஒருநாள் மழுங்கி, அப்படியே இழுப்பறையில் கிடக்கும்.

என்னைக் கேட்டால் தினசரி வேலைக்கு 12சி27, 14சி28என் வட்டாரத்தைத் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நாலு இழுப்பு இழுத்தால் கூராகும் கத்தி எப்போதும் கூராக இருக்கும்.

இன்னொன்று, பெட்டியில் எழுதாதது: வாய்க்குப் பின்னால் அலகு எவ்வளவு தடிமன் என்பது. ஓபினெல் அலகு வாயை நோக்கி மிக மெல்லிசாக இறங்கும், ஆப்பிளில் வைத்தால் தானாக இறங்குவதுபோல் போகும். தடித்த அலகுள்ள "முரட்டுக் கத்தி" எவ்வளவு உயர்ந்த எஃகாக இருந்தாலும் ஆப்பிளை நறுக்காது, பிளக்கும்.

## துரு எப்படி வருகிறது

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. எஃகில் குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு குரோமியம் ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் படலம் தானே மறுபடி உருவாகும். துருப்பிடிக்காத எஃகின் சூட்சுமம் முழுக்க இந்தப் படலம்தான்.

படலத்துக்கு எதிரி குளோரைடு, அதாவது உப்பு. கடற்காற்று, வியர்வை, ஊறுகாய். உப்பு படலத்தை ஒரு புள்ளியில் துளைத்துவிட்டால் அரிப்பு அங்கேயே ஆழமாகப் போகும், வெளியே ஊசிமுனை, உள்ளே குழி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ சட்டைப்பையில் வியர்வையோடு கிடக்கும் கத்திக்கு இது நிச்சயம் நடக்கும் என்று சொல்லவில்லை, துடைக்காவிட்டால் நடக்கும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது. மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய அலகில் உப்பும் ஈரமும் தங்க இடம் அதிகம்.

டி2வுக்கு வருவோம். மொத்தக் குரோமியம் 12 சதவீதம் இருக்கிறதே, பிறகு ஏன் புள்ளி விழுகிறது? அந்தக் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பைடுக்குள் பூட்டிக் கிடக்கிறது. படலம் போட வேண்டியது சுற்றியிருக்கும் எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம், அது 10.5க்குக் கீழே போய்விடுகிறது. பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவது இப்படித்தான்.

குரோமியமே இல்லாத கார்பன் எஃகை என்ன செய்வது? ஓபினெலின் கார்பன் வகை எக்ஸ்சி90, கார்பன் 0.9 சதவீதம் அளவு. புதுக் கத்தியில் ஒரு எலுமிச்சையையோ புளிப்பு மாங்காயையோ நறுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். சாறு பட்ட இடத்தில் முதலில் நீலமாக, பிறகு சாம்பலாக ஒரு நிறம் மேகம் மேகமாக ஏறும், கிட்டே கொண்டுபோனால் இரும்பு வாடை அடிக்கும். வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கிக் கறுத்துப்போன அரிவாள்மனையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அங்கே துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. இந்தக் கறுப்பு அலகைத் தின்னாது, சிவந்த துருவை ஓரளவு தள்ளியே வைக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர்கள் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் இரவெல்லாம் ஈரத்தில் விட்டால் கறுப்பும் காப்பாற்றாது.

ஆக, துருத்தாங்கும் எஃகும் உப்பில் தோற்கும், கார்பன் எஃகும் துடைத்து வைத்தால் பிழைக்கும். துடைக்கும் பழக்கம் இல்லையென்றால் கார்பன், டி2 இரண்டையும் விட்டுவிடுங்கள்.

## பிடியின் கதை: ஸ்விட்சர்லாந்து ராணுவத்தில் நடந்தது

பிடிப்பொருள் எப்படி உழைக்கும் என்று தெரிந்துகொள்ள ஸ்விட்சர்லாந்து ராணுவத்தின் சிப்பாய்க் கத்தியைப் பார்த்தால் போதும். விக்டோரினாக்ஸை நிறுவிய கார்ல் எல்சனர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கி, 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். அந்த முதல் கத்தியின் பிடி ஓக் மரம், தண்ணீர் ஏறாமல் இருக்க எண்ணெயில் ஊறவைத்துக் கறுப்பாக்கியது. 1908 மாதிரியில் மரம் போய் அழுத்தி இறுக்கிய நார்த்தகடு வந்தது. 1961இல் அலுமினியம். 2008 மாதிரியில் ரப்பர் பட்டைகள் பதித்த பிளாஸ்டிக். நூறு வருடத்துக்கு மேல் ஒரே வேலைக்கு வந்த கத்தி மரத்திலிருந்து படிப்படியாக விலகிப் போயிருக்கிறது.

மரத்தின் சிக்கல் தண்ணீர். ஈரம் ஏறினால் நார்களுக்குக் குறுக்குவாட்டில் உப்பிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். உலோகம் அப்படிச் செய்யாது, ஆகவே இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் விரிசலும் ஆட்டமும். ஓபினெல் பிடி பெரும்பாலும் பீச் மரம், இந்த உப்பல் விஷயத்தில் கொஞ்சம் மோசமான மரம் அது. கழுவிவிட்டு மடக்கினால், அடுத்த முறை நகத்தைப் போட்டு எவ்வளவு இழுத்தாலும் அலகு வெளியே வராது. அதற்கு அவர்கள் ஊரான சவோயில் ஒரு வழக்கம் உண்டு: பூட்டு வளையத்தைத் திறந்த நிலையில் திருப்பி வைத்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகின் நுனி வெளியே எட்டிப்பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். வெயிலில் போட்டுக் காயவைக்காதீர்கள், நிழலில் மெல்லக் காயட்டும். கழுவும்போது மூட்டுப்பக்கம் தண்ணீர் போகாமல் அலகை மட்டும் கழுவினால் இந்தத் தொல்லையே இல்லை.

எலும்பும் கொம்பும் மரத்தின் உறவுக்காரர்கள்தான், அதிகம் காய்ந்தால் ஆணியைச் சுற்றி வெடிக்கும். இந்தியக் கடமான் கொம்பு ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கும் ஜெர்மனியின் ஸோலிங்கனுக்கும் கத்திப்பிடிக்காகக் கப்பல் ஏறியது, உள்ளே பஞ்சு போன்ற சோறு குறைவாக, கெட்டியாக இருக்கும் என்பதால். இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது.

பிளாஸ்டிக் என்று ஒரே சொல்லில் அடக்குவது தப்பு. விக்டோரினாக்ஸின் பளபளப்பான சிவப்பு, செலிடார் என்ற செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக். தண்ணீருக்கு அசையாது, சாவிக்கொத்தோடு கிடந்தால் கீறல் விழும், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் கரையும். கண்ணாடி நார் கலந்த நைலான் பார்க்க மலிவாக இருக்கும், கடையில் தட்டிப் பார்த்து "வெறும் பிளாஸ்டிக்" என்பார்கள். உண்மையில் கீழே போட்டால் அதிகம் கவலைப்பட வேண்டாத பிடி அதுதான், அடி விழும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஜி-10 என்பது கண்ணாடி நார்த்துணியை அடுக்கடுக்காக எப்பாக்ஸி பிசினில் நனைத்து, சூட்டில் அழுத்திச் செய்த தகடு. ரேடியோவைத் திறந்தால் தெரியும் பச்சை சர்க்யூட் பலகை பெரும்பாலும் இதன் நெருங்கிய சொந்தம். ஈரம் ஏறாது, சுருங்காது, வியர்வைக் கையில் வழுக்காது. சொரசொரப்பு அதிகமானால் பேண்ட் பாக்கெட்டின் ஓரத்தைப் பிய்த்துவிடும், அதைக் குறைக்க உப்புத்தாள் போடுபவர்கள் முகக்கவசம் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மைக்கார்ட்டாவும் கிட்டத்தட்ட இதே செய்முறை, கண்ணாடி நாருக்குப் பதில் பருத்தித் துணியோ காகிதமோ, எப்பாக்ஸிக்குப் பதில் பெரும்பாலும் ஃபீனாலிக் பிசின். கைபட எண்ணெய் இழுத்துக் கறுக்கும், சிலருக்கு அதுவே பிடிக்கும்.

உலோகங்களில் அலுமினியம் லேசானது, மேலே ஏற்றியிருக்கும் ஆக்சைடு பூச்சு கடினம் ஆனால் மெல்லிசு, ஓரங்களில் தேய்ந்து வெள்ளை தெரியும். கடலோரத்தில் எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூப்பதும் உண்டு. டைட்டானியம் துருவே பிடிக்காது, கீறல் மட்டும் சுலபமாக விழும். பித்தளை வியர்வையில் பச்சை பூத்துக் கையில் வாடை விடும்.

இந்த வரிசையில் நிஜமாகவே பயப்பட வேண்டியது ஒன்றுதான், பழைய செல்லுலாய்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முத்துச்சிப்பி, ஆமையோடு மினுக்கத்தில் கத்திப்பிடிகள் செய்தார்கள், பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் கலந்து. பல பத்தாண்டுகள் கழித்து அது தானே சிதையத் தொடங்கி அமில ஆவி விடும். அந்த ஆவி தன் அலகை மட்டும் தின்பதில்லை, அதே பெட்டியில் பக்கத்தில் கிடக்கும் கத்திகளையும் துருவாக்கிவிடும். தாத்தா காலத்து வெளிநாட்டுக் கத்தி வீட்டில் இருந்து, பிடியில் விரிசலும் கற்பூர வாடையும் இருந்தால் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள், தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்புக்கு அருகில் வேண்டாம்.

பிடி விஷயத்தைக் கூட்டிப் பார்த்தால், மரமும் கொம்பும் தண்ணீரால் கெடும், பழைய செல்லுலாய்டு தானே சிதையும், மற்றவை பெரும்பாலும் அழகு குறையுமே தவிர உடைந்து போகாது.

## கத்தி நிஜமாகச் சாகும் இரண்டு இடங்கள்

ஒன்று மூட்டு. பிடியின் இரு பலகைகளுக்கு அடியில் பெரும்பாலான கத்திகளில் மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும், அலகு திரும்பும் அச்சு அவற்றில்தான் நிற்கிறது. அலகுக்கு நல்ல எஃகைப் போட்டுவிட்டு இந்தத் தகட்டுக்கும் திருகுக்கும் மலிவானதைப் போடுவது சகஜம். மேலே எல்லாம் பளபளவென்று இருக்க, உள்ளே பாக்கெட் பஞ்சும் வியர்வையும் மாங்காய்ச் சாறும் சேர்ந்து துரு ஊறிக்கொண்டிருக்கும். திறக்கும்போது கரகரவென்றால் அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் திறந்து மூடித் திறந்து மூடிக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் (மரப்பிடி மட்டும் விதிவிலக்கு, அதற்குத் தண்ணீர்க் குளியல் ஆகாது). தையல் மிஷின் எண்ணெய் போதும். பழம் நறுக்கும் கத்தி என்றால் உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகி மூட்டையே ஒட்டவைத்துவிடும்.

இரண்டாவது சாணை. தேய்ந்து தீர்ந்த பேனாக்கத்திகளில் பெரும்பாலானவை வேலையில் தேயவில்லை, மோட்டார் சாணையில் தேய்ந்தவை. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அலகின் வாய் கண நேரத்தில் சூடேறும், அவ்வளவு மெல்லிசான இடத்தில் சூடு போக வழி இல்லை. 200 டிகிரியில் தளர்த்திய எஃகு அதைத் தாண்டினால் மேலும் தளர்ந்துவிடும். கார்பன் எஃகில் வாயோரம் நீலநிறம் ஏறினால் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த ஓரம் இனி கூராக நிற்காது, நீலத்தைத் தாண்டி நல்ல எஃகு வரும்வரை அராவி எடுக்க வேண்டியதுதான். சைக்கிள் மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் இந்த ஆபத்து குறைவு, சக்கரம் மெதுவாகச் சுற்றும், இருந்தாலும் சின்ன அலகிலிருந்து போகிற எஃகு போனதுதான்.

வீட்டில் ஒரு இருபக்கக் கல் போதும். தண்ணீர் விட்டு, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில், அதாவது நிமிர்த்திய கத்தியைப் பாதியாகச் சாய்த்து, மறுபடி பாதியாகச் சாய்த்தால் வரும் கோணத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே சாய்வாக இழுக்க வேண்டும். மறுபக்கம் நகத்தில் மாட்டும் அளவுக்கு ஒரு மெல்லிய பிசிர் ஏறியதும் திருப்பிக்கொள்ளுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், வாய் பின்னால் வரும்படி சில இழுப்பு, பிசிர் விழுந்துவிடும்.

## அப்போ எதை வாங்குவது

கடலோரத்தில் இருப்பவர், துடைக்க மறப்பவர், பழம் நறுக்குபவர்: 12சி27, 14சி28என் அல்லது விக்டோரினாக்ஸின் எஃகு, பிடி நைலானோ செலிடாரோ ஜி-10ஓ. நாள் முழுக்க அட்டையும் கயிறும் வெட்டும் கிடங்கு வேலை, வைரத் தகடும் இருக்கிறது என்றால் எஸ்30வி கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கடலிலிருந்து தள்ளி இருக்கிறீர்கள், துடைத்து வைப்பீர்கள், கறுப்பேறுவதைப் பார்த்து ரசிப்பீர்கள் என்றால் கார்பன் ஓபினெல், மரப்பிடியோடு. டி2வை முதல் கத்தியாக யாருக்கும் சொல்ல மாட்டேன். நெம்புவதற்கு இவற்றில் எதுவுமே ஆகாது, அதற்கு ஒரு திருப்புளி வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவு.

எதை வாங்கினாலும் விமானம் ஏறும் நாளில் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பெரும்பாலும் எடுத்து வைத்துக்கொள்வார்கள், 420எச்சியா எம்390ஆ என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.